"தி குளோரியாஸ்" படமும் அதன் விமர்சனங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பெண்ணியத் தலைவர் குளோரியா ஸ்டைனமின் வாழ்க்கையைச் சொல்லும் "தி குளோரியாஸ்" என்ற படத்தை, சேலம் அஸ்தம்பட்டியில் மாதம் ஒரு முறை ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடும் எங்கள் சிறு வட்டத்தில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துப் பார்த்தோம். கல்லூரி ஆசிரியர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த காப்பித் தோட்டக் கணக்கர் ஒருவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள், அவர்களில் ஒருவருடைய மகள் என்று கலந்த கூட்டம் அது. படத்தைப் பார்த்தவர்களும், பார்க்காமலே வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் சில உண்டு. ஒவ்வொரு முறையும் வாயால் பதில் சொல்லி அலுத்ததால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் இருக்கும் சாய்வு என்னுடையது. வட்டத்தில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டதில்லை.

இது யாருடைய கதை? படத்தை எடுத்தவர் யார்?

குளோரியா ஸ்டைனம் 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலீடோ நகரில் பிறந்தவர். பத்திரிகையாளராகத் தொடங்கி, 1970களில் அந்நாட்டுப் பெண் விடுதலை இயக்கத்தின் மிக அறிமுகமான முகமாக ஆனவர். 2015இல் அவர் எழுதிய பயண நினைவு நூலை அடிப்படையாகக் கொண்டு, இயக்குநர் ஜூலி டேமரும் நாடக ஆசிரியர் சாரா ரூலும் திரைக்கதை அமைத்தார்கள். டேமர் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றி 2002இல் ஒரு வாழ்க்கைப் படம் எடுத்தவர். ஓவியங்கள் உயிர் பெற்று எழுந்து நடமாடும் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் படத்திலும் கதை திடீரென்று கனவுக்குள் தாவுவது வியப்பாக இருக்காது.

தலைப்பு ஏன் பன்மையில் இருக்கிறது?

குளோரியாவாக நான்கு பேர் நடிக்கிறார்கள் என்பதால்தான். சிறுமியாக ரயன் கீரா ஆம்ஸ்ட்ராங், பதின்வயதுப் பெண்ணாக லுலு வில்சன், இருபது வயதிலிருந்து நாற்பது வரை அலிசியா விகாண்டர், அதற்குப் பிறகு ஜூலியன் மூர். நான்கு பேரும் ஒரே பேருந்தில் பயணம் செய்கிறார்கள். பேருந்தின் உட்புறம் நிறமிழந்து கறுப்பு வெள்ளையாக இருக்கிறது; சன்னலுக்கு வெளியே அமெரிக்கா ஓடுகிறது. முதியவள் இளையவளிடம் "அன்றைக்கு நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்" என்பதுபோலக் கேட்கிறாள். இளையவள் முதியவளைச் சந்தேகத்தோடு பார்க்கிறாள். படம் கால வரிசையில் நகராமல் இந்தப் பேருந்தின் வழியாக முன்னும் பின்னும் போய்வருகிறது. விமர்சகர்களில் பெரும்பாலோர் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்: பேருந்து உத்தி எளிமையானது, படத்தைக் கட்டி நிறுத்துவதும் அதுவே.

விமர்சகர்கள் மொத்தத்தில் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்?

பாராட்டும் குறையும் கலந்த வரவேற்பு என்பதே நேர்மையான பதில். 2020 சனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டபோது மூர், விகாண்டர் இருவரின் நடிப்பும், ரோட்ரிகோ பிரியேட்டோவின் ஒளிப்பதிவும், பெல்லா ஆப்சக் என்ற நாடாளுமன்ற உறுப்பினராக வரும் பெட் மிட்லரின் துடிப்பும் பரவலாகப் பாராட்டப்பட்டன. தொப்பியும் உரத்த குரலுமாக மிட்லர் வரும் இடங்களில் படம் நிமிர்ந்து உட்காருகிறது என்பதை எங்கள் மாடியிலும் கண்கூடாகப் பார்த்தோம். ஊர் ஊராகப் பொருள் வாங்கி விற்றுத் திரியும் தந்தை லியோவாக நடித்த டிமதி ஹட்டனுக்கும் நல்ல பெயர்.

குறைகள் மூன்று வகைப்பட்டன. படம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, அவ்வளவு நீளம் தேவையில்லை என்றார்கள் சிலர். வரலாற்று நிகழ்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் குறித்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். ஸ்டைனமை வணங்கத் தக்கவராகக் காட்டும் ஆர்வத்தில் அவருடைய உள்மனப் போராட்டத்தைக் காட்டத் தவறிவிட்டது என்பது மூன்றாவது, இருப்பதிலேயே கனமான குற்றச்சாட்டு. அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.

பெரிய விருது எதுவும் படத்துக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

இணையத்தில் காட்டப்படும் விழுக்காட்டைப் பார்த்து முடிவு செய்யலாமா?

விமர்சனத் தொகுப்புத் தளமான ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் விழுக்காடு மதிப்பெண் அன்று. எத்தனை பங்கு விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு மட்டுமே. நூறு பேர் "பரவாயில்லை" என்று எழுதினாலும் அங்கே நூறு விழுக்காடு வந்துவிடும். மெட்டாக்ரிட்டிக் தளம் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறது. முதல் தளத்தில் இந்தப் படம் சாதகமான பக்கத்திலும், இரண்டாவதில் நடுத்தரத்திலும் நிற்பதற்கு இந்த வேறுபாடே காரணம். பிடித்திருக்கிறது, ஆனால் தயக்கம் இருக்கிறது என்று எழுதியவர்கள் அதிகம்.

படம் வெறும் துதிபாடல் என்ற குற்றச்சாட்டு நியாயமா?

பாதி நியாயம். நூலின் ஆசிரியரே உயிரோடிருந்து, படத்துக்கு ஆதரவளித்து, இறுதியில் 2017ஆம் ஆண்டு வாஷிங்டன் பெண்கள் பேரணியில் தாமே திரையில் தோன்றும்போது, அந்தப் படம் அவரைக் கடுமையாக விசாரிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். 1950களின் இறுதியில் ஸ்டைனம் நடத்திய இளைஞர் விழா அமைப்புக்கு அமெரிக்க உளவுத் துறையின் பணம் வந்தது என்பது 1967இல் வெளியாகி, பிற்காலத்தில் அவருடைய சக போராளிகளே அதைக் கையிலெடுத்துக் கேள்வி எழுப்பினார்கள். அந்த அத்தியாயத்துக்குப் படம் தன் மையக் கதையில் இடமளிக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டுவது விமர்சகரின் கடமை; யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

ஆனால் மற்றப் பாதியில் விமர்சகர்கள் தவறான இடத்தில் தேடினார்கள் என்பது என் கருத்து. வாழ்க்கைப் படம் என்றால் நாயகன் ஒரு குறையோடு தொடங்க வேண்டும், எதிரியைச் சந்திக்க வேண்டும், இடைவேளைக்கு முன் விழ வேண்டும், மேடையேறி ஓர் உரை ஆற்றி எழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்குள் ஊறிவிட்டது. நம்மூர்த் தலைவர்கள் பற்றிய படங்களும் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன. வசனம் எழுதுகிறவருக்குக் கைதட்டல் வாங்கித் தரும் இடம் அந்த உரைதான். ஸ்டைனம் அப்படிப்பட்ட தலைவர் அல்லர். மேடையில் பேசுவதற்கே அஞ்சியவர். தனியாக மேடையேறும் துணிவு இல்லாமல் டோரதி பிட்மன் ஹியூஸ் என்ற குழந்தைகள் காப்பகச் செயற்பாட்டாளரை உடன் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அவருடைய திறமை கேட்பது. ஒருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதை இரண்டரை மணி நேரம் சுவையாகக் காட்டுவது எப்படி என்பதுதான் படத்தின் உண்மையான சிக்கல். டேமர் அதை ஓரளவு தீர்க்கிறார், பல இடங்களில் தீர்க்கவில்லை. "உள்மனப் போராட்டம் இல்லை" என்று எழுதியவர்கள், பேசுகிறவருக்கு மட்டுமே உள்மனம் உண்டு என்று கருதிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

எங்கள் வட்டத்தில் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலை செய்யும் அக்கா ஒருவர் முதல் ஞாயிற்றுக்கிழமை முடிவில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தம்மா வாயத் தொறக்கறதவிட காதத் தொறந்து வெச்சிருக்கறதுதாங்க சாஸ்தி." அதுவரை நான் படித்திருந்த எந்த விமர்சனமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

அதே ஆண்டில் வந்த தொலைக்காட்சித் தொடரோடு ஏன் எல்லோரும் ஒப்பிட்டார்கள்?

ஏனென்றால் அந்த ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாதபடி காலம் அமைந்தது. "மிஸஸ் அமெரிக்கா" என்ற குறுந்தொடர் 2020 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் ரோஸ் பைர்ன் ஸ்டைனமாகவும், கேட் பிளான்செட் அவருடைய எதிர் அணியை வழிநடத்திய ஃபிலிஸ் ஷ்லாஃப்லியாகவும் நடித்தார்கள். பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் அரசமைப்புத் திருத்தம் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறி, தேவைப்பட்ட 38 மாநிலங்களில் 35 மட்டுமே ஒப்புதல் அளித்த நிலையில் 1982இல் கெடு முடிந்து நின்றுபோன கதை அது. தொடருக்கு ஒரு வலுவான எதிரி கிடைத்துவிட்டார்; நாடகம் தானாக அமைந்துவிட்டது. சண்டான்ஸில் முன்பே காட்டப்பட்டிருந்தாலும், "தி குளோரியாஸ்" பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2020 செப்டம்பர் 30 அன்றுதான். அதற்குள் பலர் தொடரைப் பார்த்து முடித்திருந்தார்கள். எதிரி இல்லாத படம் அவர்களுக்குச் சப்பென்று இருந்ததில் வியப்பில்லை.

ஸ்டைனமுக்கே அந்தத் தொடர் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தம் தோற்றதற்குக் காரணம் ஒரு தனிப் பெண்ணின் எதிர்ப்பு அன்று, காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரும் நலன்களின் எதிர்ப்பே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். இரண்டு பெண்கள் அடித்துக்கொண்டதாகக் கதையைச் சுருக்கிவிட்டால் பணம் யார் பக்கம் நின்றது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். குடும்பச் சண்டையில் மாமியாரும் மருமகளும் மட்டுமே கண்ணில் பட்டு, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது கண்ணில் படாமல் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும்.

திரை சிவந்து சூறாவளி வீசும் காட்சி தேவையா?

தொலைக்காட்சிப் பேட்டியாளர் ஒருவர் ஸ்டைனமின் அழகையும் உடலையும் பற்றி இழிவான கேள்வி கேட்க, அவர் வெளியே அமைதியாக இருக்கிறார். அடுத்த நொடி திரை சிவக்கிறது. குளோரியாக்கள் அந்த மனிதரைச் சுற்றிச் சூனியக்காரிகள்போலச் சுழல்கிறார்கள். படத்தில் விமர்சகர்கள் மிகக் கடுமையாகப் பிரிந்து நின்ற இடம் இது. உயிருள்ள ஒரே காட்சி இதுதான் என்றவர்களும் உண்டு. அசட்டுத்தனம் என்றவர்களும் உண்டு.

எனக்குக் காட்சி சற்று நீண்டுவிட்டதாகத் தோன்றியது. ஆனால் மாடியில் இருந்த பெண்கள் அனைவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மேலாளர் ஏதோ சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத்தை "ணங்"கென்று வைக்கிறவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் நாங்கள் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கறுப்பின, பழங்குடிப் பெண்களைப் படம் துணைப் பாத்திரங்களாக்கிவிட்டதா?

இருவிதமாகவும் எழுதப்பட்டது. டோரதி பிட்மன் ஹியூஸாக ஜெனெல் மோனேயும், வழக்கறிஞர் ஃப்ளோரின்ஸ் கென்னடியாக லொரேன் டூசான்ட்டும், செரோக்கி பழங்குடி மக்களின் முதன்மைத் தலைவராக 1985 முதல் 1995 வரை இருந்த வில்மா மேன்கில்லராகக் கிம்பர்லி கெரேரோவும், பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் டொலோரஸ் வெர்ட்டாவாக மோனிகா சான்செஸும் வருகிறார்கள். பெண்ணியம் வெள்ளைக்கார நடுத்தர வகுப்பின் விளையாட்டு என்ற பொதுப் பேச்சுக்குப் படம் பதில் சொல்கிறது என்று பாராட்டினார்கள். அதே பெண்கள் வந்து, ஒரு நல்ல வாக்கியம் சொல்லி, குளோரியாவுக்கு ஏதோ கற்பித்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று குறையும் சொன்னார்கள். இரண்டாவது கூற்றுக்கே என் ஆதரவு, மேன்கில்லர் நீங்கலாக. அவருக்கும் ஸ்டைனமுக்கும் இடையிலான நட்புக்குப் படம் நேரம் கொடுக்கிறது. இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்களில்கூட ஏதோ நடக்கிறது.

1977 நவம்பரில் ஹூஸ்டன் நகரில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டைப் பற்றியும் இங்கே சொல்லலாம். சிறுபான்மைப் பெண்களின் தீர்மானத்தை வெவ்வேறு குழுக்கள் தனித்தனியாக விவாதித்தபோது, அறைக்கு அறை ஓடி அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்து ஒரே வரைவாக இணைக்க உதவியவர் ஸ்டைனம். எழுத்தராக வேலை பார்த்தார் என்றே சொல்லலாம். தலைவர் ஒருவர் தன் வாழ்க்கையின் உச்சமான நாள்களில் பிறர் சொல்லை எழுதிக்கொண்டிருந்தார் என்பது எந்தத் திரைக்கதை இலக்கணத்திலும் உச்சக்கட்டம் ஆகாது.

ஸ்டைனமுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வியும் இதுவே. கல்லூரி முடித்தபின் உதவித்தொகை பெற்று 1957இல் இந்தியாவுக்கு வந்த ஸ்டைனம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தார். டெல்லியில் மாணவியாகத் தங்கினார். பெண்களுக்கான மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் நாட்கணக்கில் தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். அந்தப் பெட்டியில் முன்பின் தெரியாத பெண்கள் சோற்றையும் சொந்தக் கதைகளையும் பகிர்ந்துகொண்டதைப் படம் வண்ணமயமாகக் காட்டுகிறது.

பிறகு அவர், நிலமில்லாதவர்களுக்கு நிலக்கொடை கேட்ட வினோபா பாவேயின் பூதான இயக்கத்தைச் சேர்ந்த ஒரு குழுவோடு ராமநாதபுரம் மாவட்டக் கிராமங்களில் நடந்து சென்றார். சாதிக் கலவரத்தால் அச்சத்தில் உறைந்திருந்த ஊர்கள் அவை. ராமநாதபுரம் என்ற பெயரைச் சொல்லியே தம் நூலில் எழுதுகிறார். 1957இல் முதுகுளத்தூரைச் சுற்றி மூண்ட கலவரத்தையும், தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொலையையும், அதன்பின் எரிந்த வீடுகளையும் அறிந்த தமிழ் வாசகருக்கு அந்தப் பக்கங்கள் வேறொரு கனத்தோடு படிக்கக் கிடைக்கும். ஊர்ப் பெண்களிடம் பேசுவதற்குக் குழுவில் ஒரு பெண்ணாவது தேவைப்பட்டதால்தான் மொழி தெரியாத அந்த இளம் அமெரிக்கப் பெண் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஒரு குவளை, ஒரு சீப்பு, உடுத்திய துணி ஆகியவற்றோடு நடந்தார்கள். இரவில் மக்கள் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். தங்களைக் கேட்க யாரோ வந்திருக்கிறார்கள் என்பதே வதந்தியையும் பழிவாங்கலையும் ஓரளவு தணித்தது. மக்கள் உன்னைக் கேட்க வேண்டுமானால் முதலில் நீ அவர்களைக் கேள் என்பது அந்த நடைப்பயணத்தில் தமக்குக் கிடைத்த பாடம் என்று அவர் எழுதுகிறார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் நடத்திய ஆயிரக்கணக்கான கூட்டங்களின் வடிவம் இதுதான்.

விமர்சனங்களுக்கு வருகிறேன். பெரும்பாலான மேலைநாட்டு விமர்சனங்கள் இந்தியப் பகுதியை "அழகான தொடக்கம்", "கண்ணுக்கு விருந்து" என்ற அளவில் ஒரு வரியில் கடந்துவிட்டன. அவர்களுக்கு அது நாயகியின் இளமைச் சுற்றுலா. வேர் அங்கே இருக்கிறது என்று பிடித்துக்கொண்டவர்கள் மிகச் சிலர். இந்தக் குறையை அவர்கள் மீது மட்டும் சுமத்தவும் முடியாது. புடவையின் நிறத்துக்குக் கொடுத்த நேரத்தை அந்தப் பெண்களின் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால் பார்க்கிறவருக்கும் விளங்கியிருக்கும்.

பேருந்துதான் படத்தின் மையம் என்றால், நம் பேருந்தை நினைத்துக்கொண்டு பார்க்கலாமா?

தாராளமாக. கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சேலம் பழைய பேருந்து நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு ஒரு முன்புறம் இளஞ்சிவப்புப் பூசிய பேருந்தில் ஏறிப் பாருங்கள். பட்டறைக்குப் போகிறவர்கள், துணிக்கடை விற்பனைப் பெண்கள், அரசு மருத்துவமனைக்கு மாமியாரை அழைத்துப் போகும் மருமகள்கள், கல்லூரி மாணவிகள் எல்லோரும் ஒருவர் மடியில் ஒருவர் பையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டு போகிறார்கள். முன்பு நாள் ஒன்றுக்கு இருபது, முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க நடந்தே போனவர்களும் அதில் இருக்கிறார்கள். வீட்டில் சொல்ல முடியாதது, வேலை இடத்தில் சொல்லக் கூடாதது, இரண்டும் அந்த முக்கால் மணி நேரத்தில் பேசப்படுகின்றன.

ஸ்டைனம் கார் ஓட்டாதவர். சாலையில் பிறரோடு போனால்தான் கதை கிடைக்கும் என்று கருதியவர். பேருந்து வெறும் திரை உத்தி, அலுப்பூட்டுகிறது என்று எழுதிய விமர்சகர்களில் பலர் தனித்தனிக் காரில் போகும் ஊர்க்காரர்கள். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் இறங்கி இன்னொரு பேருந்து பிடிக்கும் ஒருவருக்கு அது உத்தியாகத் தெரிவதில்லை. விமர்சனம் என்பது பார்க்கிறவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையிலிருந்தும் எழுதப்படுகிறது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டோம்.

பத்திரிகையின் முதல் அட்டையில் காளி இருந்தாளாமே?

ஆம். ஸ்டைனமும் டோரதி பிட்மன் ஹியூஸும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய "மிஸ்" பத்திரிகையின் 1972 முன்னோட்ட இதழ் அட்டையில், நீல நிறத்தில் எட்டுக் கைகளோடு ஒரு பெண் வரையப்பட்டிருந்தாள். வாணலி, தட்டச்சுப்பொறி, தொலைபேசி, கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, கண்ணாடி, தூசு தட்டும் இறகு, கார் ஓட்டும் சக்கரம் என்று கைக்கு ஒன்று, வயிற்றில் குழந்தை, கண்ணில் நீர். மூன்று லட்சம் பிரதிகள் எட்டே நாள்களில் விற்றுத் தீர்ந்தன. நம்மூரில் காளியின் கையில் சூலம் இருக்கும். அங்கே வாணலி வந்துவிட்டது என்று காப்பித் தோட்டக் கணக்கர் சொன்னார்.

இதையெல்லாம் சேலத்தில் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது? நமக்கு நம் தலைவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள், அதனால்தான் பேசுகிறோம். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் கூடிய மாநாட்டில். அந்தக் கழகத்தின் தலைவருக்குப் "பெரியார்" என்ற பெயரைச் சூட்டியதோ 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. கருத்தடையையும் சொத்துரிமையையும் மணவிலக்கையும் அவர் பேசியது ஸ்டைனம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அவ்வளவு பேசப்பட்ட மண்ணில், பெண் சிசுக்கொலை ஓயாததால் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டதும் இதே சேலம் மாவட்டத்தில்தான். இரண்டும் ஒரே ஊரின் வரலாறு. மேடையில் பேசப்பட்டதற்கும் வீட்டுக்குள் நடந்ததற்கும் இடையில் இருந்த தூரத்தை யார் போய்க் கேட்டார்கள் என்ற கேள்வியோடுதான் நான் இந்தப் படத்தைப் பார்த்தேன்.

ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்ட நிறுவனம் அது. படம் எடுப்பதும் பார்ப்பதும் படத்தைப் பற்றிச் சண்டை போடுவதும் இந்த ஊருக்குப் புதியவை அல்ல.

தமிழில் ஒரு பெண்ணியத் தலைவரைப் பற்றி இப்படி எடுத்தால் வரவேற்பு எப்படி இருக்கும்?

யாரைப் பற்றி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொண்டால் திரைக்கதை ஆசிரியருக்கு வேலை எளிது: 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர், 1930இல் அவ்வை இல்லம், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை. சாதனைகள் வரிசையாக நிற்கின்றன. "குளோரியாஸ்" மீது சொன்ன அதே குற்றச்சாட்டு, அதாவது நிகழ்வுகளை அடுக்கிவிட்டார்கள் என்பது, அப்போதும் வரும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை எடுத்தால் கதை வேறு. தேவதாசி முறையைத் தாமே அனுபவித்து அதிலிருந்து வெளியேறி, வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி, அந்த அனுபவத்திலிருந்து 1936இல் ஒரு நாவலும் எழுதியவர். கேட்பதும் சொல்வதும் அவரிடம் பிரிக்க முடியாதவை. அவரைத் திரையில் காட்ட நான்கு நடிகைகள் போதாது என்று நினைக்கிறேன்.

இப்போது பார்த்தால் விமர்சனங்கள் பழசாகத் தெரிகின்றனவா?

ஓரிடத்தில் மட்டும். ஸ்டைனம் இந்தியாவுக்கு வரும் வழியில், 1957இல் லண்டனில், கருக்கலைப்புச் செய்துகொண்டார். தன் பெயரை யாருக்கும் சொல்லக் கூடாது, உன் வாழ்க்கையில் நீ விரும்பியதைச் செய் என்று இரண்டு உறுதிமொழிகள் கேட்ட மருத்துவருக்கே தம் நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார். இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை 1973இல்தான் ஏற்றது. 2020இல் எழுதியவர்களில் சிலர் இந்தப் பகுதியை முடிந்துபோன வரலாறாக நடத்தினார்கள். 2022 ஜூனில் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. படம் மாறவில்லை, அந்தப் பத்திகள் மட்டும் பழசாகிவிட்டன.

உங்கள் வட்டத்தில் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி உண்டா?

ஒன்று உண்டு. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மூரின் நடிப்பா விகாண்டரின் நடிப்பா என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, கொலுசுப் பட்டறை அக்காவின் மகள், பதினொன்றாம் வகுப்புப் படிப்பவள், "அந்த ஊர்ல வட்டமா உக்காந்து பேசுனாங்களே, அந்தப் பொம்பளைங்க பேரு என்னங்க?" என்று கேட்டாள். படத்தை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தோம். பெல்லா, ஃப்ளோ, டோரதி, வில்மா என்று அமெரிக்கப் பெயர்கள் எங்கள் எல்லோருக்கும் நினைவில் இருந்தன. ராமநாதபுரத்துப் பெண்களில் ஒருவர் பெயரைக்கூட எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.

படத்தை ஒரே அமர்வில் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பத்திரிகை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பாதியில் பெற்றோரும் பயணமும், இரண்டாம் பாதியில் இயக்கமும் என்று ஓரளவு பிரியும். ஆங்கிலம் பழகாதவர்கள் உடனிருந்தால் பேருந்துக் காட்சிகளின்போது நிறுத்தி, எந்தக் குளோரியா யாரிடம் பேசுகிறாள் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடருங்கள். முன்பின்னாகப் போவதில் முதல் அரை மணி நேரம் குழப்பம் வரும்; பிறகு பழகிவிடும். வன்முறையைப் பற்றிய பேச்சும் சில கொச்சையான இடங்களும் இருப்பதால், பள்ளிப் பிள்ளைகளை நாங்கள் தாயோடு மட்டுமே உட்கார வைத்தோம்.